போயிங் 787: மூட்டுக்கு யார் பொறுப்பு? புதிய தயாரிப்பு உருவாக்கம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2007 ஜூலை 8 அன்று, அமெரிக்காவின் எவரெட் ஆலையிலிருந்து முதல் போயிங் 787 வெளியே இழுத்து வரப்பட்டது. அமெரிக்க வழக்கப்படி எழுதினால் அது 7/8/07. தேதியும் விமானத்தின் பெயரும் ஒன்றாக அமையட்டும் என்றே அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதற்குள் 677 விமானங்களுக்கு ஆர்டர் குவிந்திருந்தது. ஆகஸ்ட் இறுதிக்குள் முதல் பறப்பு என்ற அறிவிப்பும் இருந்தது. ஆனால் அன்று வெளியே வந்தது பெரும்பாலும் வெறும் கூடு. உள்ளே ஓட வேண்டிய வயரிங்கும் குழாய்களும் முழுமையாக இல்லை. பகுதிகளைப் பிடித்து நிறுத்திய ஃபாஸ்டனர்களில் (போல்ட், ரிவெட் போன்ற பிணைப்பான்களில்) பல தற்காலிகமானவை. அவற்றை மறுபடி கழற்றி, சரியானவற்றைப் பொருத்த வேண்டியிருந்தது.

அந்த விமானம் பறந்தது 2009 டிசம்பர் 15இல். முதல் வாடிக்கையாளரான ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸுக்கு 2008 மே மாதம் தருவதாகச் சொன்ன விமானம், 2011 செப்டம்பரில்தான் கைமாறியது. நாற்பது மாதத் தாமதம்.

787 மோசமான தயாரிப்பு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன் இழைக் கலவையால் ஆன அந்த விமானம் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது; இதுவரை 1,000க்கு மேல் விநியோகமாகிவிட்டன. தொழில்நுட்பம் பலித்தது. அதை உருவாக்கிய வேலையைப் பிரித்துக்கொடுத்த முறைதான் பலிக்கவில்லை. பகுதிகளைச் செய்யப் பலர் இருந்தார்கள். பகுதிகள் சேரும் இடங்களுக்கு உரியவர் இல்லாமல் போனார். இந்த ஆய்வில் அந்தச் சேருமிடத்தை ‘மூட்டு’ என்று குறிப்பிடுகிறோம். இரண்டு உடற்பகுதிகள் ஒட்டும் இடமும் மூட்டுதான். ஒரு நிறுவனத்தின் தகவல், வரைபடம், பணம் இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாறும் இடமும் மூட்டுதான்.

முன்னர் செய்த விதம்: 777

ஒப்பிட வெளியே போகவேண்டியதில்லை. இதே நிறுவனம், இதே ஊரில், சில ஆண்டுகளுக்கு முன்புதான் 777ஐ உருவாக்கியிருந்தது. 1990 அக்டோபரில் யுனைடெட் ஏர்லைன்ஸ் கொடுத்த ஆர்டருடன் தொடங்கி, 1994 ஜூன் 12இல் பறந்து, 1995 மே மாதம் வாடிக்கையாளர் கைக்குப் போனது. மொத்தம் 55 மாதங்கள்.

அப்போது வேலை 238 வடிவமைப்பு-தயாரிப்புக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குழுவிலும் வடிவமைப்பாளர், உற்பத்திப் பொறியாளர், கருவிகள் செய்பவர், கொள்முதல் ஆள், பராமரிப்பு தெரிந்தவர் என்று எல்லோரும் ஒரே மேசையில் இருந்தார்கள். விமான நிறுவனங்களின் பிரதிநிதிகளும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். வரைபடங்கள் முழுவதும் கேட்டியா மென்பொருளில் முப்பரிமாணமாக வரையப்பட்டன. ஒரு குழுவின் குழாய் இன்னொரு குழுவின் சட்டத்தில் இடித்தால், உலோகத்தை வெட்டும் முன்பே திரையில் தெரிந்துவிடும். தெரிந்தவுடன் இரண்டு குழுவும் உட்கார்ந்து பேசித் தீர்க்கவேண்டும். முதல் விமானம் கோர்க்கப்பட்டபோது, மூக்கிலிருந்து வால் வரை நேர்கோட்டில் இருந்து விலகியது 0.023 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

777லும் வெளிநிறுவனங்கள் இருந்தன. ஜப்பானிய நிறுவனங்கள் உடற்கட்டமைப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைச் செய்தன. ஆனால் அவை பெரும்பாலும் போயிங் தந்த விரிவான வரைபடப்படி செய்தவை. எந்தத் துளை எங்கே வரும், எந்த விளிம்பு எதோடு சேரும் என்பதெல்லாம் ஒரே இடத்தில் முடிவாகி, பிறகே வெளியே போனது.

787இல் மாறியது

2004 ஏப்ரலில் ஆல் நிப்பான் ஏர்வேஸின் 50 விமான ஆர்டருடன் 787 தொடங்கியது. ஆர்டரிலிருந்து முதல் விநியோகம் வரை 49 மாதம் என்று திட்டம் போட்டார்கள். 777ஐவிடப் பல மடங்கு புதுமை உள்ள விமானத்துக்கு 777ஐவிட ஆறு மாதம் குறைவு. இதைச் சாத்தியமாக்கும், உருவாக்கச் செலவையும் குறைக்கும் என்று நம்பப்பட்டது புதிய வேலைப் பங்கீடு.

வடிவமைப்பும் தயாரிப்பும் சேர்த்து ஏறக்குறைய 70 சதவீதம் வெளியே போனது. ஐம்பது அளவிலான முதல் அடுக்குக் கூட்டாளிகள், அதாவது போயிங்கோடு நேரடியாக ஒப்பந்தம் செய்தவர்கள். இறக்கை மிட்சுபிஷியிடம். முன் உடற்பகுதியின் ஒரு பாகம் கவாசாகியிடம். இரண்டு இறக்கைகளும் வந்து சேரும் நடுப்பெட்டி ஃபூஜியிடம். மூக்குப் பகுதி ஸ்பிரிட் நிறுவனத்திடம். நடு உடற்பகுதிகளும் கிடைமட்ட வாலும் இத்தாலியின் அலேனியாவிடம். பின் உடற்பகுதி அமெரிக்காவின் சார்லஸ்டனில் வாட் என்ற நிறுவனத்திடம். நடுப்பகுதிகளைச் சேர்ப்பதற்கென்றே வாட்டும் அலேனியாவும் சேர்ந்து நடத்திய மூன்றாவது நிறுவனம் ஒன்றும் சார்லஸ்டனில் இருந்தது. எல்லாவற்றையும் ஏற்றிவர நான்கு 747 விமானங்களைப் பெருத்த வயிற்றோடு மாற்றியமைத்தார்கள்.

முக்கியமான மாற்றம் எண்ணிக்கையில் இல்லை. முன்பு ‘இந்த வரைபடப்படி செய்’ என்று சொன்ன நிறுவனம், இப்போது ‘இந்தச் செயல்திறன் வேண்டும், வடிவமைப்பு உன்னுடையது’ என்றது. கூட்டாளி தன் பகுதியை வடிவமைப்பார். தனக்குக் கீழே இரண்டாம், மூன்றாம் அடுக்கு நிறுவனங்களைத் தானே தேர்ந்தெடுத்து நிர்வகிப்பார். வயரிங், குழாய், வெப்பக் காப்பு எல்லாம் உள்ளே பொருத்தி முடித்த பகுதியாக அனுப்புவார். எவரெட்டில் சுமார் 1,200 பெரிய பாகங்கள் மட்டும் வந்து சேரும், மூன்று நாளில் விமானம் கோர்க்கப்படும் என்பது கணக்கு.

கணக்கின் உள்ளே ஒளிந்திருந்த அனுமானங்கள் மூன்று. ஒவ்வொரு கூட்டாளிக்கும் வடிவமைக்கத் தெரியும். ஒவ்வொருவருக்கும் தன் கீழ் அடுக்கை நிர்வகிக்கத் தெரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் முடிப்பார்கள். மூன்றாவதை மட்டும் எண்ணிப் பார்க்கலாம். 50 பேரில் ஒவ்வொருவரும் குறித்த நாளில் முடிக்க 95 சதவீத வாய்ப்பு உண்டு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அத்தனை பேரும் அதே நாளில் முடிக்கும் வாய்ப்பு 8 சதவீதத்தை எட்டாது. ஆளுக்கு 99 சதவீதம் என்று வைத்தாலும் 60 சதவீதம்தான். மூன்று நாள் கோர்ப்பு என்பது நூறாவது விமானத்துக்குரிய இலக்கு. முதல் விமானத்தின் அட்டவணையில் அதற்கு இடமில்லை.

பணம் ஓடிய வழி

ஒப்பந்தத்தின் பெயர் இடர்ப் பகிர்வு. கூட்டாளிகள் தங்கள் பகுதியின் உருவாக்கச் செலவைத் தாங்களே போடவேண்டும். விமானம் சான்று பெற்று வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகே பணம். எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் எல்லோரும் வேகமாக ஓடுவார்கள் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு.

கூட்டாளி ஒருவர் கூடுதல் ஆள் போட்டு, இரவுபகலாக உழைத்து முன்னதாக முடிக்கிறார் என்று வைப்போம். வேறொருவர் ஆறு மாதம் தாமதித்தால் இவருக்கும் ஆறு மாதம் பணம் வராது. போட்ட கூடுதல் செலவு முழுக்க இவருடையது, வேகத்தின் பலன் இவர் கையில் இல்லை. ‘எப்படியும் யாரோ தாமதிக்கத்தான் போகிறார்கள்’ என்று எல்லோரும் நினைத்தால், யாரும் அவசரப்படாமல் இருப்பதே ஒவ்வொருவருக்கும் புத்திசாலித்தனம். இதில் யாருடைய நேர்மையையும் குறை சொல்ல முடியாது. கணக்கு அப்படி எழுதப்பட்டிருந்தது.

இன்னொரு விளைவு, பணபலம் குறைந்த கூட்டாளி காத்திருக்க முடியாமல் திணறுவது. வாட்டுக்கு அதுதான் நடந்தது. வருவாய் இல்லாமல் முதலீடு மட்டும் போய்க்கொண்டே இருந்த ஆலையை 2009இல் போயிங்கே ஏறக்குறைய 580 மில்லியன் டாலருக்கு வாங்க வேண்டியிருந்தது. முன்பணமாகக் கொடுத்திருந்ததையும் தள்ளுபடி செய்தது. பகுதிகளைச் சேர்த்த கூட்டு நிறுவனத்தில் வாட்டின் பாதியை 2008இலும், அலேனியாவின் பாதியை 2009 இறுதியிலும் வாங்கியது. பகிர்ந்துகொடுத்த இடர் முழுதாகத் திரும்பி வந்தது.

ஆலைத் தளத்தில் தெரிந்தவை

முதல் பகுதிகள் எவரெட்டுக்கு வந்தபோது, 1,200 பாகங்களுக்குப் பதில் சுமார் 30,000 துண்டுகளைப் பொருத்த வேண்டியிருந்தது. கூட்டாளிகள் முடிக்காத வேலை பகுதியோடு சேர்ந்தே பயணப்பட்டு வந்தது. ‘பயணித்த வேலை’ என்றே ஆலைகளில் இதற்குப் பெயர்.

பயணித்த வேலை ஏன் இவ்வளவு ஆபத்து? கூட்டாளியின் ஆலையில் அந்த வயரைப் பொருத்தும்போது உடற்பகுதி திறந்திருக்கும், தாங்கிகள் இருக்கும், பழகிய கை இருக்கும். எவரெட்டில் பகுதி மூடியாயிற்று, கை நுழைய இடமில்லை, தாங்கி இல்லை, பொருத்துபவர் அந்த வரைபடத்தை முதல்முறை பார்க்கிறார். ஆவணமும் அரைகுறை. எது பொருத்தியாயிற்று, எது பொருத்தவில்லை, தற்காலிக ஃபாஸ்டனர் எங்கே என்பதைப் பகுதிபகுதியாகத் தேட வேண்டியதாயிற்று. விமானத் துறையில் ஆவணம் இல்லாத வேலை, செய்யாத வேலைக்குச் சமம். கழற்றிப் பார்த்து மறுபடி செய்யவேண்டும்.

முதல் விமானத்தில் மூக்குப் பகுதியையும் அடுத்த பகுதியையும் சேர்த்தபோது 0.3 அங்குல இடைவெளி விழுந்தது. ஏறக்குறைய 7.6 மில்லிமீட்டர். உள்ளே பொருத்திய பாகங்கள் விமானத்தின் வெளித்தோலைச் சற்று இழுத்திருந்தன. சிலவற்றை விடுவித்து மறுபடி பொருத்தியதும் சரியானது. சின்னப் பிரச்சினைதான். ஆனால் ஒரு பகுதியை வெறுமையாக அளப்பதும், உள்பாகங்களோடு அளப்பதும் வேறு வேறு என்பது இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே எழுதப்படாமல் போனதன் அடையாளம் அது.

ஃபாஸ்டனர் தட்டுப்பாடு வேறொரு பாடம். கலவைப் பொருளுக்கான ஃபாஸ்டனர்கள் சிறப்பு வகை. தயாரிக்கும் நிறுவனங்களும் குறைவு. 2001க்குப் பின் விமானத் துறை சரிந்தபோது அவை ஆட்களைக் குறைத்திருந்தன. பெரிய பகுதிகள் எல்லாவற்றுக்கும் கண்காணிப்பு இருந்த இடத்தில், விலையில் அற்பமான ஃபாஸ்டனர் அட்டவணையைப் பிடித்து நிறுத்தியது. பிறகு, 2008 இறுதியில், ஆயிரக்கணக்கான ஃபாஸ்டனர்கள் தவறாகப் பொருத்தப்பட்டிருப்பது தெரிந்தது. பொருத்தும் முறையை விளக்கிய குறிப்பு புரியும்படி இல்லாததே காரணம். 2010 ஜூனில் கிடைமட்ட வாலில் இடைவெளி நிரப்பும் ஷிம்கள் சரியாக வைக்கப்படாமல் ஃபாஸ்டனர்கள் முறுக்கப்பட்டிருந்ததால், சோதனை விமானங்களை நிறுத்திச் சரிபார்க்க வேண்டியதாயிற்று.

இவையெல்லாம் ஏன் முன்பே தெரியவில்லை? தெரிந்துகொள்ள ஒரு வழி வைத்திருந்தார்கள்: எல்லா அடுக்கு நிறுவனங்களும் தங்கள் நிலவரத்தைப் பதிவுசெய்யும் இணைய மென்பொருள். ஆனால் பதிவு செய்பவர் தாமதத்தைப் பதிவு செய்யவேண்டும் அல்லவா? இரண்டாம் அடுக்கு நிறுவனங்கள் சரியாக, உரிய நேரத்தில் பதியவில்லை. அதனால் முதல் அடுக்குக்கும் தெரியவில்லை, போயிங்குக்கும் தெரியவில்லை. திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்க, லாரியில் வெற்றுக் கூடு ஏறியது. 2008 இலையுதிர்காலத்தில் போயிங்கின் இயந்திரப் பணியாளர்கள் 57 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலையை வெளியே கொடுப்பதும் அதில் ஒரு கோரிக்கைப் பொருள். அது தாமதத்தைக் கூட்டியது, ஆனால் அதற்கு முன்பே அட்டவணை பல முறை தள்ளிப் போயிருந்தது.

இறக்கையும் உடலும் சேரும் இடம்

இந்த நிகழ்வில் நின்று பார்க்கவேண்டிய இடம் இதுதான்.

2009 மே மாதம், சோதனைக்கென்று வைத்த சட்டகத்தில் இறக்கையை மேல்நோக்கி வளைத்தார்கள். இறக்கையின் மேல்தோலின் உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் விறைப்புப் பட்டைகள், இறக்கை உடலோடு சேரும் முனையில், தோலிலிருந்து அடுக்கு பிரிந்தன. அந்தப் பட்டைகளின் ஒரு பக்கம் மிட்சுபிஷி வடிவமைத்த இறக்கை. மறுபக்கம் ஃபூஜி வடிவமைத்த நடுப்பெட்டி. சேர்ப்பது போயிங். கணினி மாதிரி அந்த இடத்தில் இவ்வளவு அழுத்தம் குவியும் என்று காட்டவில்லை.

உலோக இறக்கையில் இப்படி அழுத்தம் குவிந்தால் உலோகம் சற்றே நெகிழ்ந்து சுமையைப் பக்கத்துக்குப் பகிரும். கலவைப் பொருள் நெகிழாது; அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று உரியத் தொடங்கும். ஆகவே கலவை விமானத்தில் மூட்டின் விவரம்தான் வடிவமைப்பின் உயிர்நாடி. 787இல் அந்த உயிர்நாடிதான் இரண்டு கண்டங்களிலும் மூன்று நிறுவனங்களிலும் பிரிந்து கிடந்தது.

ஜூன் 23இல் முதல் பறப்பு மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது. பட்டைகளின் முனைகளை வெட்டி, சுமையைத் தோலிலிருந்து விலக்கிக் கொண்டுசெல்லும் டைட்டானியப் பொருத்துகளை அமைத்தார்கள். இந்தத் திருத்தத்தை ஏற்கனவே கட்டி முடித்த விமானங்களின் இறக்கைக்குள், எரிபொருள் தொட்டியாகும் அந்த நெருக்கமான இடத்தில், தவழ்ந்து போய்ச் செய்யவேண்டியிருந்தது. நவம்பர் இறுதியில் மறுசோதனை. டிசம்பர் 15இல் பறப்பு. வடிவமைப்புக் கட்டத்திலேயே இந்த மூட்டை மட்டும் தனியாக, முழு அளவில், உடையும்வரை சோதித்திருந்தால் இரண்டு ஆண்டு முன்பே தெரிந்திருக்கும் என்பது எங்கள் கணிப்பு. அதற்கு ஆகும் செலவு, நிறுத்திவைத்த விமானங்களுக்குள் தவழ்ந்து செய்த வேலையின் செலவில் சிறு பகுதிதான்.

மின்கலம்

2013 ஜனவரியில், பாஸ்டனில் நின்ற ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் ஒரு லித்தியம் அயன் மின்கலம் தீப்பிடித்தது. ஒன்பது நாள் கழித்து இன்னொரு 787 புகை காரணமாக ஜப்பானின் தகமாட்சுவில் அவசரமாக இறங்கியது. உலகில் அப்போது சேவையில் இருந்த 50 விமானங்களும் பறக்கவிடாமல் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் வரை பறக்கவில்லை.

மின்கல அமைப்பின் ஒப்பந்தம் பிரான்சின் தாலெஸிடம். மின்கலத்தின் உள்ளே இருக்கும் செல்கள் ஜப்பானின் ஜிஎஸ் யுவாசாவிடமிருந்து. சார்ஜர் வேறொரு அமெரிக்க நிறுவனத்திடமிருந்து. அங்கீகாரத்துக்குக் கொடுத்த பாதுகாப்புக் கணக்கு, ஒரு செல் புகைவிடும் நிகழ்வு ஒரு கோடி பறப்பு மணிக்கு ஒன்றுக்கும் குறைவு என்றது. நடந்தது 52,000 மணிக்குள் இரண்டு. ஒரு செல் சூடானால் பக்கத்துச் செல்களுக்குப் பரவாது என்ற முடிவு ஒரு சோதனையை நம்பியது. அந்தச் சோதனையில் மின்கலம் விமானத்தில் பொருத்தப்படும் விதத்தில் தரை இணைப்போடு (எர்த்) இல்லை. செல் செய்தவருக்குச் செல் தெரியும், விமானம் செய்தவருக்கு விமானம் தெரியும். செல்லும் விமானமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நடுவில் விழுந்தது.

இதற்கெல்லாம் ஆன விலை

முதல் மூன்று சோதனை விமானங்கள் விற்கமுடியாத அளவுக்கு மாற்றப்பட்டிருந்ததால், 2009இல் ஏறக்குறைய 2.5 பில்லியன் டாலர் ஆராய்ச்சிச் செலவாக எழுதப்பட்டது. பின்னால் ஈட்டுவோம் என்று கணக்கில் தள்ளிவைத்த உற்பத்திச் செலவு ஒரு கட்டத்தில் 28 பில்லியன் டாலரைத் தாண்டியது. 2011இல் நிறுவனத்தின் வணிக விமானப் பிரிவுத் தலைவரே, முக்கியத் தொழில்நுட்பங்களைக் கைக்கு அருகே வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட மீட்பதற்கு அதிகம் செலவானது என்று வெளிப்படையாகச் சொன்னார். இத்தனைக்கும் 2001இலேயே, நிறுவனத்துக்குள் ஒரு மூத்த பொறியாளர், வேலையை வெளியே கொடுத்தால் இலாபமும் அதனோடு வெளியே போகும், பொருந்தாதவற்றைப் பொருத்தும் செலவு மட்டும் தலைமை நிறுவனத்திடம் தங்கும் என்று விரிவாக எழுதி எச்சரித்திருந்தார்.

நிறுவனமும் பிறகு மாறியது. 2007 அக்டோபரில் திட்டத் தலைமை மாற்றப்பட்டது. கூட்டாளிகளின் ஆலைகளுக்குப் பொறியாளர்கள் அனுப்பப்பட்டனர். உலகெங்கும் உள்ள ஆலைகளை நாள் முழுதும் நேரடியாகப் பார்க்கும் மையம் எவரெட்டில் அமைந்தது. அடுத்து வந்த 777எக்ஸ் விமானத்தின் கலவை இறக்கையை எவரெட்டிலேயே செய்ய 2016இல் தனி ஆலை திறந்தார்கள். ஆனாலும் மூட்டு விடவில்லை: உடற்பகுதிகள் சேரும் இடங்களில் 0.005 அங்குலத்தைத் தாண்டிய இடைவெளிகள் இருந்ததால், 787 விநியோகம் 2021 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை நின்றது.

இதை வைத்து என்ன செய்யலாம்

விமானம் செய்யாத நிறுவனத்துக்கும் இது பொருந்தும். பம்ப் ஆகட்டும், மருத்துவக் கருவி ஆகட்டும், மென்பொருள் உள்ள வீட்டுச் சாதனம் ஆகட்டும், பத்துப் பேர் பத்துப் பகுதி செய்து ஒன்றாகச் சேர்க்கும் எதிலும் இதே பள்ளங்கள் உண்டு. எங்கள் பரிந்துரைகளில் முதலாவதற்கே அதிக எடை.

பாகப் பட்டியல் உறுதியாகும் முன் மூட்டுப் பட்டியலை எழுதுங்கள். பத்துப் பகுதிகள் என்றால் சாத்தியமான ஜோடிகள் 45. அத்தனையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ‘தொடர்பில்லை’ என்று எழுதுவீர்கள். அதையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் வெப்பம், அதிர்வு, தரை இணைப்பு, மின்காந்த இரைச்சல் ஆகியவை ஒன்றையொன்று தொடாத பகுதிகளுக்கு நடுவேயும் பாயும். மீதமுள்ள ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு தாள். அதில் எந்த அடிப்புள்ளியிலிருந்து அளப்பது, டாலரன்ஸ் (அளவு விலக அனுமதிக்கும் எல்லை) எவ்வளவு, வெறுமையாக அளப்பதா உள்பாகங்களோடா, எந்த வெப்பநிலையில், என்னென்ன சுமை, எந்த மின்னழுத்தம், எந்தத் தரவு, எந்தச் சோதனை இதை நிரூபிக்கும் என்று இருக்கவேண்டும். கடைசி வரி: பொருந்தாவிட்டால் முதலில் செலவு செய்து சரிசெய்பவர் யார். வழக்கு பிறகு, வேலை முதலில்.

ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு ஆளின் பெயர். குழுவின் பெயர் கூடாது, இரண்டு பக்க நிறுவனத்தின் ஆளும் கூடாது. தலைமை நிறுவனத்தின் சம்பளத்தில் இருப்பவர், இரண்டு பக்க வரைபடத்தையும் படித்துக் கேள்வி கேட்கக்கூடியவர். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு வடிவமைப்பை வெளியே கொடுத்துவிட்டால், நீங்கள் கொடுத்தது வேலையை மட்டுமல்ல.

புதுமைகளை எண்ணுங்கள். 787இல் புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, உள் அமைப்புகளை இயக்க என்ஜினிலிருந்து எடுக்கும் காற்றுக்குப் பதில் 1.45 மெகாவாட் மின்சாரத்தை நம்பிய புதிய அமைப்பு, கூட்டாளிகளுக்குப் புதிய பொறுப்பு, புதிய போக்குவரத்து, புதிய ஒப்பந்தம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. தொழில்நுட்பம் புதிது என்றால் வேலை முறை பழையதாக இருக்கட்டும். வேலை முறையை மாற்றவேண்டும் என்றால் பழகிய தயாரிப்பில் மாற்றிப் பாருங்கள்.

சப்ளையரின் வடிவமைப்புத் திறனை அவர் தரும் விளக்கப் படங்களை வைத்து மதிப்பிடக்கூடாது. ஒரு முழுப் பகுதியை அவருடைய உண்மையான உற்பத்தி வரிசையில், அவருடைய இரண்டாம் அடுக்கு சப்ளையர்களின் பொருளோடு, உற்பத்தியில் பயன்படப்போகும் அதே ஃபாஸ்டனர்களோடு செய்யச் சொல்லி, கொண்டுவந்து, பக்கத்துப் பகுதியோடு சேர்த்துப் பாருங்கள். சிறந்த கைவினைஞர் தனியறையில் செய்த மாதிரியால் எதுவும் தெரியாது.

பணத்தை இடைநிலைகளில் பிரியுங்கள். உதாரணமாக: மூட்டுத் தாள்களில் இரு பக்கமும் கையெழுத்திட்டு வடிவமைப்பு உறுதியானதும் 15 சதவீதம், முதல் பகுதி அளந்து ஏற்கப்பட்டதும் 25, கோர்ப்பில் பொருந்தியதும் 25, மீதி விநியோகத்தில். சதவீதம் தொழிலுக்குத் தக்கபடி மாறலாம். மாறக்கூடாதது ஒன்று: முன்னதாக முடித்தவர், கடைசியாக முடிப்பவருக்காகக் காத்திருந்து பணம் வாங்கும் நிலை. தலைமை நிறுவனம் செய்யும் வடிவமைப்பு மாற்றத்தின் செலவை யார் ஏற்பது என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சப்ளையர்கள் மாற்றத்தை எதிர்ப்பார்கள், அல்லது மறைப்பார்கள்.

பயணித்த வேலையை வாரந்தோறும் எண்ணுங்கள், உருப்படியில் அல்ல, மணிக்கணக்கில். ஒரு விடுபட்ட வயர்க் கட்டும் ஒரு விடுபட்ட திருகும் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் வரைபட எண், விடுபட்ட காரணம், எங்கே செய்திருக்கவேண்டும், இப்போது யார் செய்வார் என்ற நான்கும் பகுதியோடு ஒட்டப்பட்ட தாளில் வரட்டும். ஒரு வரம்பு வையுங்கள். பகுதிக்குரிய மொத்த வேலையில் 2 அல்லது 3 சதவீதம் என்று தொடங்கலாம். தாண்டினால் அனுப்பக்கூடாது. பகுதி சப்ளையரிடம் நின்றால் ஒரு இடம்தான் நிற்கும். அரைகுறையாக வந்தால் கோர்ப்பு வரிசை முழுக்க நிற்கும். அனுப்பச் சொல்லும் அழுத்தம் எப்போதும் ஒரு தேதியிலிருந்துதான் வரும். ஆகவே வெளியீட்டு விழாத் தேதியை, முதல் பகுதி வரம்புக்குள் வந்து பொருந்திய பிறகு குறிப்பதே நல்லது.

நிலவர அறிக்கையில் நிறங்களைக் கேட்காதீர்கள், சான்றைக் கேளுங்கள். கடைசியாக வந்து சேர்ந்த பாகம் எது, இன்னும் வராதது எது, அதற்கு இரண்டாம் அடுக்கு சப்ளையர் கொடுத்த எழுத்துப்பூர்வ தேதி எது, அளந்த மதிப்புகள் எங்கே. இந்த நான்கையும் நேரில் போய்ப் பார்க்க ஒரு பொறியாளர் முக்கிய சப்ளையரின் ஆலையிலேயே தங்கியிருக்க வேண்டும். அவர் அறிக்கை கொள்முதல் துறை வழியாக வராமல் மூட்டுப் பொறுப்பாளருக்கு நேராகப் போகவேண்டும்; பகுதியை அனுப்பாமல் நிறுத்தும் கையெழுத்தும் அவரிடம் இருக்கவேண்டும். விலை குறைந்த, வரக் காலம் பிடிக்கும் பொருள்களுக்கு, அதாவது ஃபாஸ்டனர், கனெக்டர், சீல், சிறப்புப் பசை போன்றவற்றுக்கு, தனிப் பட்டியல் வைத்து வடிவமைப்பு உறுதியாகும் முன்பே தயாரிப்பவரின் உற்பத்தித் திறனைப் பேசி ஒதுக்கி வையுங்கள்.

புதிய பொருளோ புதிய வடிவமோ சந்திக்கும் மூட்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, முழு அளவில், விமானத்திலோ சாதனத்திலோ இருக்கப்போகும் அதே பொருத்துமுறையில், உடையும்வரை சோதியுங்கள். பத்துப் பகுதிகளுள்ள தயாரிப்பில் இப்படிப்பட்ட மூட்டுகள் மூன்று நான்குக்கு மேல் இருக்காது. இந்தச் சோதனைகளுக்கான பணத்தைத் திட்டத்தின் முதல் காலாண்டிலேயே ஒதுக்கி, வேறெதற்கும் திருப்பமுடியாதபடி பூட்டிவையுங்கள்; அட்டவணை இறுகும்போது முதலில் வெட்டப்படுவது இதுதான்.